ஒண்ணு ஜாஸ்தி சாரும் பதினைந்தாவது பிள்ளையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை உள்ள அத்தனை ஊர்களிலும், இல்லாத ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அந்த டீ ஆறிப்போனதற்கு வருத்தமும் பட்ட மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் மேற்பார்வையாளர். பெயர் ஏதோ இருந்தது. எல்லோருக்கும் அவர் ‘ஒண்ணு ஜாஸ்தி’ சார்.

1991. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதினோரு வருடம் காத்திருந்த பி.எட். நான். முப்பத்தாறு வயதில் ‘புது வாத்தியார்’ ஆனேன். பள்ளிக்கூடம் இல்லாத குக்கிராமங்களுக்கு வாத்தியார்களை அனுப்பும் சேவைத் திட்டம் அது. போய்ச் சேர்ந்ததும் பாய், பாத்திரம் வாங்க இருநூறு ரூபாய். அப்புறம் காலூன்றும் வரை ஆறு மாதத்துக்கு, மாதம் முந்நூற்றைம்பது. நிபந்தனை ஒன்றுதான்: வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருக்க வேண்டும். ஒரு தலை குறைந்தால் உதவித்தொகை நிற்கும், வாத்தியார் மூட்டை கட்ட வேண்டும். மதுராந்தகத்தில் என் மனைவியும் இரண்டு பெண்களும் அந்தப் பணத்தை நம்பித்தான் மளிகைக் கடைக்குள் நுழைந்தார்கள்.

என்னிடம் இருந்தது பதினான்கு பிள்ளைகள். தினம் நாலு முறை எண்ணினேன். பதினான்குதான்.

வல்லம் வடகால் பக்கம், ஏரிக்குக் கீழே, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட பம்புசெட் அறைதான் பள்ளிக்கூடம். ஜன்னல் கிடையாது. பின்சுவரில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், குழாய் போன ஓட்டை. அதன் வழியாகப் பாழுங்கிணற்றின் குளிர்ச்சி உள்ளே வரும். பாடம் சொன்னால் என் குரலே ஒரு கணம் கழித்து என் முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கரும்பலகையிலிருந்து திரும்பினேன். வாசலில் அவர் நின்றிருந்தார். சைக்கிளில் மணி கிடையாது, செருப்பிலும் சத்தம் கிடையாது. விரலை நீட்டி எண்ணினார்.

“பதினஞ்சு.”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் கணக்குத் தப்பினால் எனக்குச் சோறு இறங்காது. “பதினாலு சார்” என்றேன்.

“நல்லா பாரு வாத்தியாரே. செவுத்தாண்ட குந்திகினு கீதே, அது யாரு?”

ஓட்டைக்குக் கீழே வெறும் தரை. அவர் குனிந்து அங்கே காது கொடுத்தார். தலையாட்டினார். “செல்வியாம். கூச்சப்படுது. நோட்ல எழுதிக்கோ.”

எழுதினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வருகைப் பதிவில் ‘செல்வி’ என்று கூப்பிட்டேன். கூப்பிடாமல் குறித்தால் பொய்க் கணக்காகிவிடுமே என்ற பயம். பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். “டேய், தள்ளி குந்துடா, செல்வி மேல கால் படுது!” சுவரோரம் ஒரு ஆள் இடம் தானாகவே காலியாக நின்றது. அடுத்த வாரம், “சார், செல்வி என் பல்பத்த எட்த்துகினா!” என்று ஒருவன் அழுதான். விளையாட்டு என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன். நாலு பல்பங்கள் நிஜமாகவே காணவில்லை.

அவருடன் வெளியே போவதும் அதே கதைதான். நாங்கள் இரண்டு பேர். டீக்கடையில் மூன்று டீ. பஸ்ஸில் மூன்று டிக்கெட். “இன்னொருத்தர் எங்க சார்?” என்று கண்டக்டர் கேட்டால், “ஏறிகினு கீறாரு, அவசரப்படாதப்பா” என்பார். கண்டக்டர் விசில் ஊதாமல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“ஏன் சார் இப்படி?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“போன வருசம் ஒரு ஊர்ல பதினாலுன்னு உள்ளத உள்ளபடி எழுதினேன். வாத்தியாருக்குப் பணம் நின்னுபோச்சி. அவர வழியனுப்ப பசங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதுங்க. பஸ்ஸு நவுந்தப்ப எண்ணிப் பாத்தேன். பதினஞ்சு.”



ஐந்தாம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, ஒண்ணு ஜாஸ்தி சைக்கிளில் முன்னால் வழிகாட்ட, ஜீப்பில் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, “பேரைப் படியுங்க, நான் எண்ணிக்கிறேன்” என்றார். படித்தேன். பதினான்கு ‘உள்ளேன் ஐயா’. முந்நூற்றைம்பது ரூபாய் என் கண் முன்னால் புகையாகப் போனது.

“செல்வி” என்றேன்.

கிணற்றுப் பக்கத்து ஓட்டையிலிருந்து, ஈரமான மெல்லிய குரல்:

“உள்ளேன் ஐயா.”

“யாரு அது?” என்றார் அதிகாரி. பதினான்கு விரல்கள் ஒன்றாகச் சுவரோர வெறும் தரையைக் காட்டின. அவர் அந்த இடத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். கழற்றி வைத்த பேனா மூடியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஜீப்புக்கு நடந்தார். கடைசி ஏழெட்டு அடியில் அது நடை இல்லை.

நான் ஒண்ணு ஜாஸ்தியைப் பார்த்தேன். அவர் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே, யாருப்பா பேசினது?”

“நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க!”

“நான் சும்மா சொன்னேம்ப்பா!”

இரண்டு கிழவிகளைப் போலக் கை கோத்துக்கொண்டு பின்பக்கம் போனோம். ஐந்து ஆடுகளுக்கு நடுவில் எட்டு வயதுப் பெண் ஒன்று ஓட்டையோரம் உட்கார்ந்திருந்தது. வாயெல்லாம் பல்பம். சுவரில் ‘அ’விலிருந்து ‘ஔ’ வரை எழுதியிருந்தது. செங்கல் சூளைக்கு வந்த குடும்பமாம்.

“பேரு இன்னாம்மா?”

“காமாட்சி.”

“அப்புறம் எதுக்கு செல்விக்குப் பதில் சொன்ன?”

“தெனம் கூப்புடுறாரு. யாருமே பேசல. பாவமா இருந்திச்சி.”

உள்ளே அழைத்துவந்து காலி இடத்தைக் காட்டினேன். பிள்ளைகள் கத்தினார்கள்: “அங்க குந்தாத! செல்வி கீறா!” காமாட்சி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

நான் எண்ணினேன். பதினைந்து. உதவித்தொகை பிழைத்தது.

அவரும் எண்ணினார். “பதினாறு” என்றார், யாருக்கும் கேட்காத குரலில். சிரிக்கவில்லை.

அன்று அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சைக்கிளை நான் வாங்கித் தள்ளிக்கொண்டு, ஒரகடம் கூட்டுரோடு வரை அவர் பக்கத்திலேயே நடந்தேன்.