எந்த வாரேன்?

வாய்மொழியாகப் பெறப்படும் எந்த உத்தரவும், எழுத்து மூலம் உறுதி செய்யப்படும் வரை, செயல்படுத்தப்படக் கூடாது. அலுவலக நடைமுறையின் பால பாடம் இது. கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் இதைச் சொல்லியே எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறேன். "சார் போன்ல சரின்னு சொல்லிட்டாரு" என்று வந்து நிற்கும் எழுத்தரிடம், "எந்தச் சார், எந்தப் போன், எந்தச் சரி?" என்று கேட்பேன். (அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்ததாகக் கேள்வி. அது என்னவென்று இதுவரை யாரும் எழுத்து மூலம் தெரிவிக்கவில்லை.)

அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற பிறகு, ஒரே ஒரு வாய்மொழிச் சொல்லை நம்பி, ஒரு வேன் நிறைய உறவினர்களுடன் மதுரை விமான நிலையத்தில் மாலையும் கையுமாக நின்றேன்.

எங்களுக்கு ஒரே மகன், குமார். கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனவன். போன வருடமும் பொங்கலுக்கு வரவில்லை, அதற்கு முந்தைய வருடமும் வரவில்லை. விசா இருந்தால் விடுமுறை இருக்காது. விடுமுறை கிடைத்தால் விசா முடிந்திருக்கும். என் மனைவி செண்பகம் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவாள். பிறகு ஆனையூர் வீட்டில் அவன் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, ஜன்னலை ஒருமுறை திறந்து மூடிவிட்டு வருவாள். யாரும் படுக்காத கட்டிலுக்குப் போர்வை மாற்றுவது எந்த விதியின் கீழ் வருகிறது என்று நான் கேட்டதில்லை.

வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட வசதி இல்லை; அவனோடு பேசுவதென்றால் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போக வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் நம் தலைக்கு நேரே சிவப்பு எண்கள் ஓடும். அவற்றைப் பார்த்ததும் செண்பகம் ஏலம் விடுபவரைப் போல ஆகிவிடுவாள். "நல்லாருக்கியா, சாப்பிட்டியா, குளிருதா, சரி வாரேம்ப்பா" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு வெளியே வந்து, கேட்க மறந்ததையெல்லாம் வீடு வரை என்னிடம் கேட்பாள்.

அந்த "வாரேன்" முக்கியம். எங்கள் பக்கம் விடைபெறுகிறவர் "போறேன்" என்று சொல்லக் கூடாது, "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். போனுக்கும் அதே சட்டம்தான் என்பது செண்பகத்தின் தீர்ப்பு. குமார் ஒருமுறை, "அப்ப வச்சிர்றேம்மா" என்றபோது, "அதென்ன பேச்சு, வாரேன்னு சொல்லிட்டு வையி" என்று திருத்தினாள். அன்று முதல் அவன் எல்லாப் பேச்சையும் "வாரேன்" என்றே முடித்தான். வரத்தான் இல்லை.

இந்த நிலையில்தான் விளாங்குடியில் சேகர் என்பவர் பிரவுசிங் சென்டர் திறந்து, இன்டர்நெட் வழியாக அமெரிக்காவுக்குப் பேசலாம், பூத்தில் ஆகிற செலவில் கால்வாசிகூட ஆகாது என்று போர்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தோம். பேச்சு மலிவுதான். ஆனால் நாம் சொன்னது கடல் தாண்டிப் போய்ச் சேர ஒரு வாய் காபி குடிக்கும் நேரம் ஆனது. பதில் வர இன்னொரு வாய். அதற்குள் பொறுமையில்லாமல் நாம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவோம். முதல் நாள் நான் அங்கே பனி எப்படி என்று விசாரித்தேன். சத்தம் வரவில்லையே என்று, "சாப்பிட்டியா?" என்றேன். "எங்கப்பா, ஒரு மாசமா வெறும் ஐஸ்தான்" என்று பதில் வந்தது. பிள்ளை ஒரு மாதமாக ஐஸ் தின்று உயிர் வாழ்கிறான் என்று செண்பகம் அங்கேயே கண்கலங்கினாள்.

நடைமுறை இல்லாத இடத்தில் நடைமுறையை உண்டாக்குவதுதானே என் வேலை? அடுத்த ஞாயிறுக்குப் பொருள் வரிசை ஒன்றை வகுத்தேன். முதலில் உடல்நலம், அடுத்து உணவு, பிறகு குடியிருப்பு, வேலை, தட்பவெப்பம், கடைசியில் இதர. ஒரு பொருளுக்குப் பதில் வந்து சேரும் வரை அடுத்த பொருளுக்குப் போகக் கூடாது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க கேக்கணும்" என்றாள் செண்பகம். "பொங்கலுக்கு வாரானா?"

"அது இதரவில் வரும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். (அந்தப் பார்வைக்கு மேல்முறையீடு கிடையாது.)

கார்த்திகை மாதத்து ஞாயிறு அது. ஒரு ஹெட்போனை இரண்டு பேர் இழுத்துக்கொள்வதைப் பார்த்துப் பொறுக்காமல் சேகர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். ஆகவே எங்கள் குடும்ப விவகாரத்தை அங்கே வேலை தேடிக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். உடல்நலம் திருப்தி. உணவு திருப்தி. குடியிருப்பில் ஒரு செய்தி இருந்தது: வீடு மாறுகிறானாம், பழைய போன் நாளையோடு கிடையாது, புது நம்பர் கிடைத்ததும் அவனே கூப்பிடுவானாம். வேலையைப் பற்றி நான் கேட்ட துணைக் கேள்விகள் சற்று அதிகம். தட்பவெப்பம் முடியும்போது, அவனை யாரோ அங்கே அவசரமாகக் கூப்பிடும் சத்தம் கேட்டது. இதர வந்தது. நான் மைக்கை நகர்த்தினேன்.

"பொங்கலுக்கு வாரியாப்பா?" என்றாள் செண்பகம்.

காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது:

"சரிம்மா, வாரேன்."

லைன் போய்விட்டது.

"அண்ணே, புள்ள வாரேன்ட்டாப்ல" என்றார் சேகர். முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். செண்பகம் முந்தானையால் மைக்கைத் துடைத்து, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தாள்.

இங்கேதான் என் முப்பது ஆண்டுப் பயிற்சி எழுந்து நின்றிருக்க வேண்டும். பதில் ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது? கேள்வி இன்னும் கடலைக்கூடத் தாண்டியிருக்காதே? எழுந்து நின்றது உண்மைதான். அன்று மாலையே, எந்தத் தேதி, எந்த விமானம் என்று ஒரு இ-மெயில் அனுப்பிக் கேட்கலாமா என்றேன்.

"வாரேன்னு சொன்ன புள்ளைகிட்ட எப்பிடி வாரேன்னு கேப்பாகளா?" என்றாள். "கேட்டு, இல்லைன்னுட்டா?"

நான் இ-மெயில் அனுப்பவில்லை. எனக்கும் அதே பயம்தான். அது எழுத்தில் வேறு வந்துவிட்டால் என்ன செய்வது?

மார்கழி முழுவதும் அவனிடமிருந்து போன் வரவில்லை; நேரில் வருகிறவன் எதற்குக் கூப்பிடுவான் என்று செண்பகம் சொல்லிவிட்டாள். பொங்கலுக்கு வருகிறவன் போகியன்றுதான் வந்தாக வேண்டும் என்று கணித்தவன் செண்பகத்தின் தம்பி தங்கராசு. மேலூரிலிருந்து வேன், ஆட்கள், ரோஜா மாலை எல்லாம் அவன் ஏற்பாடு. "மாமா, ஏரோப்ளேனே நாலு தடவைதான் வரும். எல்லாத்துக்கும் நிப்போம். எதுலயாவது இருப்பான்ல" என்றான். எனக்கு அது முறையான திட்டமாகவே பட்டது. செண்பகம் தூக்குவாளி நிறையப் பால் பணியாரம் கொண்டுவந்தாள்.

முதல் விமானத்தில் அவன் இல்லை. இரண்டாவதில் கடைசி ஆளாக, கறுப்புக் கோட்டு, குளிர்க்கண்ணாடி சகிதம் ஒரு இளைஞன் வந்தான். தங்கராசு குமாரைப் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன. "அமெரிக்கத் தண்ணி, மாப்ள நெறம் மாறிட்டாரு" என்றபடி, நாங்கள் தடுப்பதற்குள் ஓடிப்போய் மாலையைப் போட்டுவிட்டான். அத்தைகள் குலவையிட்டார்கள். அந்தப் பையன் கூச்சத்தோடு எல்லோருக்கும் கைகூப்பி, "எதுக்கு சார் இவ்ளோ? ஒரு ஆட்டோ அனுப்பியிருந்தா போதுமே" என்றான். அவன் தண்ணீர்ப் பம்பு கம்பெனிக்காரன். உள்ளூர் டீலர் வரவேற்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தங்கராசு என்னைப் பார்த்தான். போட்ட மாலையைத் திரும்பப் பெறுவதற்கு எனக்குத் தெரிந்து விதி இல்லை. செண்பகம்தான் வாளியைத் திறந்து, அவன் கையில் பணியாரம் வைத்தாள்.

"சாப்பிடுப்பா. ஒங்கம்மா எங்கருக்காங்க?"

"தஞ்சாவூர்ல."

"நாளைக்குப் பொங்கலாச்சே, போகலையா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு, பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, மாலையோடேயே போனான்.

மீதி இரண்டு விமானங்களுக்கும் நின்றோம். கடைசி ஆளும் வெளியேறிய பிறகும் செண்பகம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் தங்கராசு மட்டும் ஒருமுறை, "அம்புட்டுப் பேரு வந்தாய்ங்க, நம்ம ஆளு மட்டும் வரல" என்றான்.

பொங்கலன்று காலையில் வீட்டுப் போன் அடித்தது. புது நம்பரிலிருந்து குமார், வாழ்த்துச் சொல்ல. ஏன் வரவில்லை என்று அவள் கேட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பொங்கல் கேள்வி அவன் காதுக்குப் போகவே இல்லை; விடைபெற்றுக்கொண்டு போனை வைத்தவன் அவன்.

"நீதானம்மா வச்சிர்றேன்னு சொல்லக் கூடாதுன்ன. அதான் வாரேன்னேன்."

"ஆமாப்பா" என்றாள் செண்பகம். "நாந்தான் சொன்னேன்."

இந்த முறை லைனில் தாமதம் இல்லை. அடுத்த பொங்கலுக்காவது வாரியா என்று அவள் கேள்வியை மறுபடி கேட்டாள். "பாக்குறேம்மா" என்றான். (அதன் பொருள் எனக்குத் தெரியும். "பரிசீலனையில் உள்ளது" என்று நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்.)

அடுத்த ஞாயிறு முதல் பொருள் வரிசை திருத்தப்பட்டது. இதர முதலில், மற்றவை நேரமிருந்தால்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் யாரும் நிம்மதியாக விடைபெற முடியாது. கல்யாண வீட்டில் கும்பிட்டு, "வாரேன்" என்று எவர் சொன்னாலும், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து தங்கராசு, "எந்த வாரேன்? எழுத்துல குடுத்துட்டுப் போங்கய்யா" என்பான். என்னைக் காட்டித்தான்.

செண்பகம் சிரிப்பாள், ஆனால் அவள் அந்தக் கேள்வியை வேடிக்கைக்குக் கேட்பவள் இல்லை. திருவிழாவோ விசேஷமோ இல்லாத ஒரு மத்தியானம் போன் அடித்தது. எடுத்தாள். கடல் இரைச்சல் இல்லை, தாமதம் இல்லை. பஸ் ஹாரனும் "மேலூர், மேலூர்" என்ற கூவலும் கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

"அம்மா, வாரேன்."

"எந்த வாரேன்?"

"மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேம்மா. ஒத்த ரூவா போன்ல பேசுறேன். வீட்டுக்கு வாரேன்."

செண்பகத்தின் கேள்விக்குப் பதில் வரப்பெற்ற நாள்: ஆனி இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை.