பூநாரைகளுக்கு ஓர் ஆயிரம் வாலா

சிவகாசிக்காரர்கள் உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் பூவும் பழமும் வாங்குவார்கள். நாங்கள் வெடி கொண்டுபோவோம். காதுகுத்தா, வெடி. புதுவீடா, வெடி. (வளைகாப்புக்கு வெடிக்கலாமா என்று கேட்காதீர்கள். வெடித்திருக்கிறோம்.) இந்த நல்ல பழக்கத்தால் என் தங்கையின் ஒரு வருட உழைப்பை ஒரே நிமிடத்தில் கரைத்தவன் நான்.

தங்கை செல்வராணி வாழ்க்கைப்பட்டது பாம்பன் தீவில். கணவர் முருகேசன் கடலுக்குப் போகிறவர். அறுந்து மிதக்கும் வலைகளில் ஆமைகள் சிக்கிச் சாவதைப் பார்த்துவிட்டு, கரை ஒதுங்கும் வலைகளைப் பொறுக்கி வந்து ஆமை, கடற்பசு, பூநாரை என்று ஆளுயர உருவங்கள் பின்ன ஆரம்பித்தாள் தங்கை. தீவில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்களிடம் கற்ற பின்னல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

தீவுகளில் வாழ்ந்துகொண்டு, இயற்கையையும் அந்த மண்ணின் கலையையும் சேர்த்துக் காக்கும் கலைஞர்களுக்கு ஓர் அறக்கட்டளை நிதி தருவதாக அவளுக்குத் தெரியவந்தது. கிடைத்தால் சொந்தமாக ஒரு சிறு படகு வாங்கலாம். ஆமைகள் சிக்குவதற்கு முன்பே கடலில் போய் வலைகளை எடுத்துவிடலாம்.

"அண்ணே, தேதி போட்டு எழுதுறதுல நீங்கதான் கெட்டிக்காரக. விண்ணப்பத்தை நீங்களே எழுதிருங்க" என்றாள்.

என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் வேலை எனக்கு. ஆனால் உண்மையான வேலை டைரி எழுதுவது. ஊரில் முதல் மழை விழுந்த நாள், எங்கள் தெருக் குழாய் உடைந்த நாள், அது சரிசெய்யப்பட்ட நாள் (இடையில் பதினொரு மாதம்), எல்லாம் அதில் இருக்கும். இரண்டு பக்கம் கேட்ட விண்ணப்பத்துக்கு இருபத்தேழு பக்கம் எழுதினேன். ஞாயிறுதோறும் அவள் போனில் சொல்வாள், பின்னால் கடல் இரையும், நான் எழுதுவேன். கல்யாணமாகிப் போன பிறகு அவளோடு நான் அவ்வளவு பேசியது அந்த ஞாயிறுகளில்தான். பூநாரைகளுக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கினேன்.

அவ்வளவையும் மீறி விண்ணப்பம் தேறியது. தேர்வுக்குழுவிலிருந்து இருவர் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. (தேதி டைரியில் இருக்கிறது. அச்சில் போடக் கூடாது என்று தங்கை சத்தியம் வாங்கியிருக்கிறாள்.)

தனுஷ்கோடி போகும் வழியில் ஆழமில்லாத நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் ஐந்து வலைப் பூநாரைகளை நட்டு வைத்திருந்தாள். முதலில் எட்டவே நின்ற நிஜப் பூநாரைகள், பத்து நாளில் அவற்றின் பக்கத்திலேயே வந்து மேய ஆரம்பித்திருந்தன.

"இதுக பயப்படாம வந்து நிக்கிதுல்ல, அதைத்தாண்ணே அவுகளுக்குக் காட்டணும்" என்றாள்.

குழு வரும் நாளில் நானும் சிவகாசியிலிருந்து போய், காரை உடைமரங்களுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன்.

"எதுக்கு மச்சான் டிக்கியத் தொறந்து தொறந்து பாக்குறீக?" என்றார் முருகேசன்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. நல்ல காரியம்."

மாலை நான்கு நாற்பதுக்கு வண்டி வந்தது. கழுத்தில் தொலைநோக்கி தொங்க ஓர் அம்மையாரும், தாடி வைத்த ஓர் இளைஞரும் இறங்கினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவர்களை வரவேற்க ஒரு சத்தம்கூட இல்லையே! டிக்கியிலிருந்து ஆயிரம் வாலாவை எடுத்து விரித்துப் பற்றவைத்தேன்.

ஆயிரம் வாலாவைப் பாதியில் நிறுத்தும் வழியை எங்கள் ஊர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. முதல் வெடியிலேயே நீர்ப்பரப்பு முழுவதும் இளஞ்சிவப்பாக எழுந்தது. அத்தனை சிறகுகளும் ஒன்றாக விரிந்து, சாய்ந்து, கடல் பக்கம் போய் மறைந்தன. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்து ரசிக்க வேண்டிய நேரமாக அது இல்லை.

புகை விலகியது.

"என்னண்ணே செஞ்சீக?" என்றாள் தங்கை.

"வரவேற்பும்மா..."

"இந்நேரம் நம்மூருக் காக்காயும் சேந்து இலங்கைக்குப் போயிருக்கும் மச்சான்" என்றார் முருகேசன்.

அம்மையார் பையிலிருந்து என் விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினார். "பதினாறாம் பக்கம். 'பூநாரைகள் மிகுந்த கூச்ச சுபாவம் உடையவை. சிறு ஓசைக்கும் இடம்பெயர்ந்துவிடும்.' இதை எழுதினது யாருங்க?"

"நான்தாங்க."

"நல்லா எழுதியிருக்கீங்க."

இருட்டும்வரை முட்டிபோட்டு வெடிக் காகிதம் பொறுக்கினேன். தங்கை உதவிக்கு வரவில்லை. பறவைகளும் திரும்பி வரவில்லை. வலைப் பூநாரைகள் ஐந்து மட்டும் அசையாமல் நின்று என்னைப் பார்த்தன.

நிதி கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனும் நின்றது. அடுத்த ஆண்டு அவளே, என்னிடம் சொல்லாமல், சரியாக இரண்டு பக்கத்தில் விண்ணப்பித்தாள். கிடைத்தது. இன்று அவள் படகு கடலில் ஓடுகிறது. அந்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் ஒரு புதிய நிபந்தனை சேர்ந்திருந்தது: 'பார்வையிடும் நாளில் விண்ணப்பதாரரோ அவருடைய உறவினர்களோ வெடி வெடிக்கக் கூடாது.' எங்கள் குடும்பத்தில் அதற்கு 'அண்ணன் சட்டம்' என்று பெயர். ஒவ்வொரு ஆண்டும் படிவம் வெளியானதும் தங்கை அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறாள். நானும் தேதி போட்டு டைரியில் ஒட்டுகிறேன்.

இப்போதும் பாம்பனுக்குப் போனால், என்னை வாங்க என்று சொல்வதற்கு முன் முருகேசன் காரின் பின்பக்கம் போவார். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியில்கூடக் கைவிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் குரல் கொடுப்பார்:

"ராணி, மச்சான் வெறுங்கையோடதான் வந்திருக்காக! இலையைப் போடு!"