பிள்ளையாருக்கு ஒதுக்கிய முதல் நம்பர்

உ

திருவண்ணாமலை
18-2-1988

சிரஞ்சீவி மாப்பிள்ளை காசி அவர்களுக்கு, மாமனார் அப்பாசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதியது. இங்கு அண்ணாமலையார் தயவில் தங்கள் மாமியார் தங்கம்மாள் சுகம். அங்கு தாங்களும் என் மகள் திரௌபதியும் சுகம் என்று நம்புகிறேன். தாங்கள் எங்கள் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போன டெலிபோன் இயந்திரமும் சுகம்தான். அதைத் தொட்ட நான்தான் சுகமில்லை.

குறை சொல்ல எழுதவில்லை. பெண் கொடுத்த இடத்தில் குறை சொல்லுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வருகிற பங்குனியோடு எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. முதலாளி ஆதிமூலம், "இந்த மிஷின ஒழுங்கா ஓட்டிக் காட்டுங்க மேனேஜரே, இன்னும் ரெண்டு வருஷம் சீட்ல இருங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஓட்டவில்லை என்றால் நான் தங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து உட்கார வேண்டும். தாங்கள் தங்கமான மனுஷர். ஆனாலும் மாப்பிள்ளை வீட்டில் இரண்டாவது காபி கேட்க எனக்கு வாய் வராது.

முதலாளியின் பஸ் டிப்போ, அரிசி மில், செங்கம் ரோடு லாட்ஜ் என்று எங்களிடம் இருக்கிற நாற்பது டெலிபோனுக்கும் பொதுவாகச் சுருக்கு நம்பர் வைக்கலாம், நட்சத்திர பட்டனோடு இரண்டு எண் அழுத்தினால் வேண்டியவர் வீட்டில் மணி அடிக்கும் என்று தாங்கள் விளக்கினீர்கள். எங்கள் ஊர் நம்பரே மூன்று எண்தான், நட்சத்திரத்தைச் சேர்த்தால் இதுவும் மூன்றுதானே என்று அன்றே கேட்டிருப்பேன். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். யாருக்கு எந்த நம்பர் என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. கல்யாணப் பத்திரிகையில் பேர் போடுவது போல முதலாளி வரிசை சொன்னார். இந்தக் கடிதத்துக்கே உ போட்டுவிட்டுத்தான் கீழே எழுதுகிறேன் இல்லையா, அது மாதிரி 01 பிள்ளையாருக்கு என்று காலியாக விட்டோம். 02 முதலாளியின் அண்ணன் அருணகிரிக்கு. அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவர்கள் ஊர்த் திருவிழாவில் யார் தலையில் முதலில் பரிவட்டம் கட்டுவது என்று வந்த தகராறு. "அவரு நம்பரு நமக்கு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். "பேசறமோ இல்லியோ, பெரியவரு பேரு எனக்கு மேலதான் இருக்கணும்" என்றார். 03 முதலாளி வீடு, 04 சம்பந்தி வீடு, 05 டாக்டர், 06 லாரி ஆபீஸ், இப்படி முப்பத்தைந்து வரை. பட்டியலைச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொரு டெலிபோனுக்கு மேலும் மாட்டினோம்.

நல்ல நேரத்தில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். நம்பர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பச்சை பட்டனை அழுத்திக்கொண்டே போனால் அது தானே 01, 02 என்று வரிசை வைத்துக்கொள்ளும் என்று தாங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. பிள்ளையாருக்கு நம்பர் எதுவும் போடாமல், தலையில் குட்டிக்கொண்டு, பச்சை பட்டனைப் பக்தியோடு அழுத்தினேன். வெறுமனே அழுத்தினால் அது சட்டை செய்யாது என்பது தாளில் இல்லை. பிள்ளையாரை விட்டுவிட்டு அண்ணனை 01இல் உட்கார வைத்தது. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஓர் இடம் முன்னால் நகர்ந்தார்கள். சுவரில் ஒன்று, உள்ளே ஒன்று.

பூஜை முடிந்து முதலாளி தன் வீட்டுக்கு என்று 03 அழுத்தினார். எடுத்தது யார் என்று கூடக் கேட்காமல், "ஞாயித்துக்கெழம சம்பந்தி வூட்டு காதுகுத்துக்கு நீ மட்டும் போய்ட்டு வா. அந்த ஆளு வூட்டு சாம்பாரு எனக்கு ஆவாது" என்றார். "நான் சம்பந்திதாங்க பேசறேன்" என்று பதில் வந்தது. லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரருக்கு வயிற்றுப்போக்கு ஜாஸ்தியாகி, 05 அழுத்தி, "ரொம்ப அர்ஜன்ட்டு, ஒடனே வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். லாரி வந்தது. "சனிக்கெழமக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா பங்குனி வரைக்கும் காத்திருக்க வாணாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சரி செய்ய அரை மணி நேரம் போதும். ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். முதலாளி எந்தப் போன் பேசுவதற்கு முன்னாலும் பிள்ளையாருக்கு என்று 01 அழுத்துவார். ரிசீவரை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடி, ஒரு வேண்டுதல் சொல்லிவிட்டு வைப்பார். அவரைப் பார்த்து ஆபீஸ் முழுக்க அதே பழக்கம். செவ்வாய்க்கிழமை காலை பெரியவர் அருணகிரி எங்கள் கேட்டில் வந்து நின்றார். ஓடிப் போய்க் கேட்டைத் திறந்தேன். "எத்தினி நாளிக்கிதான் அவன் போன் பண்ணிப் பண்ணி வெச்சிடுவான் அப்பாசாமி? ஒரு நாளிக்கி முப்பது வாட்டி அடிக்குது. எடுத்தா பேச்சு வரல அவனுக்கு, வெறும் முணுமுணுப்புதான். தம்பி கொரலு எனக்குத் தெரியாதா? நானே வந்துட்டேன்" என்றார்.

உள்ளே போனார். முதலாளி எழுந்து நின்றார். "வாண்ணே" என்றார். பெரியவர் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். தன் பேர் தம்பி பேருக்கு மேலே இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றவர், துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை, நானும் அழுதுவிட்டேன். தம்பி கூப்பிட்டான் என்று அண்ணன் நினைக்கிறார், அண்ணன் தானாக இறங்கி வந்தார் என்று தம்பி நினைக்கிறார். இரண்டும் இல்லை என்பது எனக்கும் பிள்ளையாருக்கும் மட்டும் தெரியும்.

சரி செய்தால் பெரியவர் வீட்டில் மணி நின்றுவிடும், தம்பிக்கு மறுபடி கர்வம் வந்துவிட்டது என்பார். செய்யாவிட்டால் என் சீட்டு போகும். போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் நானும் தங்கம்மாளும் வருகிறோம். மாடி அறையைக் காலி செய்து வைக்கவும். இயந்திரத்தைச் சரி செய்ய ஆளை அனுப்பிவிட வேண்டாம். திரௌபதிக்கு எங்கள் ஆசீர்வாதம். தாங்கள் இருவரும் பேரும் புகழுமாக, கம்மியான போன்களோடு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அப்பாசாமி

பி.கு. வெள்ளி காலை. தபாலில் போடுவதற்குள் இது. மாடி அறையைக் காலி செய்ய வேண்டாம். இன்று முதலாளி வழக்கம்போல் 01 அழுத்தி ரிசீவரை நெஞ்சில் வைத்திருந்தபோது உள்ளேயிருந்து, "தம்பி, சாப்டியாடா?" என்று பெரியவர் குரல் கத்தியது. முதலாளி கண்ணைத் திறந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு ரிசீவரைக் காதில் வைத்து, "சாப்ட்டேண்ணே. நீ?" என்றார். அரை மணி நேரம் பேசினார்கள். வைத்த பிறகு, "மிஷின்ல கைய வெக்காதீங்க மேனேஜரே. செவுத்துல இருக்கறத மாத்தி எழுதுங்க. ரெண்டு வருஷத்துக்கு நீங்களே பாத்துக்கணும்" என்றார். 01இல் பெரியவர் பேரை எழுதிவிட்டு, பிள்ளையாரை எங்கே வைப்பது என்று கேட்டேன். "கடுதாசிக்குப் போடறா மாதிரி மேல ஒரு உ போட்டு வுடுங்க. அவருக்கு எதுக்கு போனு?" என்றார்.