வெள்ளைப்பூச் சித்தரின் புல்

புதுப்பட்டினத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கோவளத்திலிருந்து வேன், பொத்தேரியிலிருந்து அரியர் வைத்த மாணவர்கள், விஞ்ஞானத்தில் சம்பளம் வாங்கும் பெரிய மனிதர்கள், எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சாதி மதம் பார்க்காமல் நம் ஜனங்கள் ஒன்றுகூடுவது ஏமாறும்போது மட்டும்தான்.

உள்ளே வெள்ளைப்பூச் சித்தர். அவர் முன்னால் ஒரு தொட்டி. அதில் ஒல்லியான செடி, நுனியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. இமயமலையிலிருந்து வந்ததாம். பாவம் இருக்கும் வீட்டில் வாடிவிடுமாம். பக்தர்களுக்கு இதே செடியை வேர் கழுவி, சுத்தமான தொட்டியில் நட்டுக் கொடுப்பார். ஒரே நிபந்தனை, தொட்டியில் களை முளைக்கக் கூடாது.

எல்லார் வீட்டிலும் செடி வாடியது. ஊரில் இவ்வளவு பாவமா என்று ஒருவரும் வியக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் வாடியதா என்று விசாரித்து ஆறுதல் அடைந்து, பரிகாரத்துக்கு மறுபடி வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் நம் ஞானதாசும் இருந்தார். பி.எஸ்சி. தாவரவியல். பட்டத்தை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியவர். படித்ததை எங்கே மாட்டினார் என்று அவருக்கே நினைவில்லை. கடலோரத்தில் புல் மண்டிய காலி மனைகளுக்கு சூப்பர்வைசர். காலையில் சர்ச், மாலையில் சித்தர். எந்தப் பக்கமும் விட்டுப்போகக் கூடாது என்ற முன்யோசனை.

அவர் வீட்டுச் செடியும் வாடியது. "புதுசா வந்த பொண்ணோட தோஷம். தாய் வூட்டுக்கு அனுப்பு" என்றார் சித்தர். புதிதாக வந்தவள் மருமகள் பிரிசில்லா. கல்யாணப் புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை. மகன் ஜான்சன் பஸ் நேரம் விசாரிக்கப் போனான். மாமியார் மேரி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். ஞானதாசுக்கு வருத்தம்தான், ஆனால் ஒரு பூவே சொல்லிவிட்ட பிறகு மறுக்க அவர் யார்?

"மாமா, உங்ககூட வந்தப்போ பாத்தேன். சாமி தொட்டியில புல்லு கீது, நீங்க பாத்தீங்களா?" என்றாள் பிரிசில்லா.

"அது தர்ப்பைம்மா."

"அவராண்ட இருந்தா தர்ப்பை, நம்மாண்ட இருந்தா களையா? செடி படிப்புதான படிச்சீங்க. இது இன்னா செடின்னு சொல்லுங்க, நான் போறேன்."

ஞானதாஸ் வெட்கத்தோடு முதல்முறையாக அந்தச் செடியைக் குனிந்து பார்த்தார். சொரசொரப்பான தண்டு, ஒடுங்கிய இலை, காய்ந்ததும் கறுத்துப்போன பூ. சுடுமல்லி! கல்லூரியில் படம் வரைந்து பாகம் குறித்த செடி. பச்சை இலை இருக்கும், கொஞ்சம் தானே சமைத்துக்கொள்ளும். மீதியை மண்ணுக்கடியில் புல்லின் வேரிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும். புல்லைப் பிரித்தால் செத்துப்போகும். இமயமலையாவது ஒன்றாவது, அவருடைய மனைகளிலேயே முளைத்துக் கிடக்கிறது. வாரமெல்லாம் மிதித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கும்பிட்டிருக்கிறார். அதற்குக் களைக்கொல்லி அடிக்கச் சொன்னவரும் அவரேதான்.

மனையிலிருந்து ஒரு செடியைப் புல்லோடு, மண்கட்டி உடையாமல் பெயர்த்து வந்து அதே வீட்டில் ஒரு தொட்டியில் வைத்தார்கள். அதுவும் வாடினால் கிளம்பிவிடுவதாக பிரிசில்லா மாமியாரிடம் ஒப்புக்கொண்டாள். பெட்டி வாசலிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. செடி வாடவில்லை, புதிதாக மொட்டும் விட்டிருந்தது.

மாமனாரும் மருமகளும் தொட்டியோடு தோப்புக்குப் போனார்கள். எல்லாம் தன் அருள் என்றார் சித்தர், கூசாமல்.

"சரி சாமி. உங்க தொட்டியில களை கீது, எடுத்துடட்டா?" என்று பிரிசில்லா கை நீட்டினாள்.

"புல்லைத் தொடாதே!"

ஊர்ப் பாவத்தையெல்லாம் கரைப்பவர் ஒரு பிடி புல்லுக்காகப் பதறியதைக் கூட்டம் பார்த்தது. ஞானதாஸ் அந்தத் தொட்டியைக் கவிழ்த்து, வாளித் தண்ணீரில் மண்ணை அலசித் தூக்கிக் காட்டினார். சுடுமல்லியின் வேர் புல்லின் வேரைக் கவ்விக்கொண்டிருந்தது.

"புல்லப் பிரிச்சுட்டுத்தான் நமக்குக் குடுத்துகினு இருந்தாரு. வாடாம இன்னா பண்ணும்? இதைப் படிச்சுப் பாஸான நானே பாவம் பாவம்னு வரிசையில நின்னேன்."

கூட்டம் வேரைப் பார்த்து முடிப்பதற்குள் சித்தர் சவுக்கு மரங்களுக்குள் புகுந்து மறைந்துவிட்டார். அன்று மாலை மேரி பெட்டியை உள்ளே தூக்கி வந்து, புடவைகளை எடுத்து அடுக்கினாள்.

அடுத்த ஞாயிறு ஞானதாஸ் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. பாவம் இருந்த வீட்டில் பூத்த செடி அல்லவா? சிலர் கையில் கற்பூரம், சிலர் கையில் மெழுகுவத்தி. ஞானதாசுக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிரிசில்லா தொட்டியைத் தூக்கி வந்து அவர்கள் முன்னால் கவிழ்த்தாள்.

"மொதல்ல கவுத்துப் பாருங்க, அப்புறமா கும்புடலாம்" என்றாள். "மாமா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."