மூணாவது பட்டன்

மூணாவது பட்டனைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் தன் அலங்காரத்தை அஞ்சு நிமிஷத்துக்குச் சுருக்கிவிட்டாள். பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே முகம் கழுவல். முடியைச் சுருட்டி ஒரு கொண்டை. முன்பக்கம் நாலு டிச் பட்டன் வைத்த நீள அங்கி, ஒற்றைக் கையால் திறக்கலாம், ஒற்றைக் கையால் மூடலாம். மை வைக்க நேரம் கிடைத்தால் அன்றைக்கு அவள் மகாராணி.

இன்று கணவனுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டு, ஒரு கண்ணுக்கு மை வைத்தும்விட்டாள். அடுத்த கண்ணுக்குப் போவதற்குள் கண்ணாடியில் அந்த நூல் கண்ணில் பட்டது.

திரும்பிப் பார்த்தாள். பத்து மாதப் பிள்ளை, வீட்டில் உருண்டை என்று பெயர், தரையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"டேய், வாயில என்னடா?"

அவன் விழுங்கினான். சிரித்தான்.

அவள் ஓடிப்போய் அவன் வாயைத் திறந்தாள். விரலை விட்டுத் துழாவினாள். இருந்த ரெண்டு பல்லாலும் கடித்தான். கட்டிலடியில் தேடினாள், அழுக்குத் துணிக்குள் தேடினாள், குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். பட்டன் இல்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, நீங்க வச்ச பட்டன் விழுந்துடுச்சு!"

"நான் வச்ச பட்டனா? துணி கிழிஞ்சாலும் கிழியும், என் பட்டன் விழாது."

"விழுந்துடுச்சே அக்கா! இவன் முழுங்கிட்டானோன்னு பயமா இருக்கு."

"அப்படிச் சொல்லு. தானா எங்க விழுந்தது? பால் குடிக்கறப்ப இவன்தான் பிடிச்சு இழுத்திருக்கான்."

ஆறுதல் தேடி வந்தவளுக்குச் சாட்சிதான் கிடைத்தது.

"பயப்படாதே. வாழைப்பழம் கொடு, வழுக்கிக்கிட்டுப் போயிடும்" என்றாள் அக்கா.

அரைப் பழத்தை மசித்து ஊட்டினாள். அவன் அத்தனையையும் அவள் தோளிலேயே கக்கினான்.

"ஐயையோ, உள்ளே அடைக்குது! தலைகீழா பிடி!"

பிடித்தாள். புது விளையாட்டு என்று நினைத்து அவன் கெக்கெக்கென்று சிரித்தான். நிமிர்த்தியதும் விக்கல் பிடித்துக்கொண்டது.

"விக்கல் வேற வருதா? அப்ப நெஞ்சுக்குழியிலதான் இருக்கு" என்றாள் அக்கா, டேப் வைத்து அளந்தவள் மாதிரி.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. கறையான அங்கிக்கு மேலே கணவனின் சட்டையை மாட்டிக்கொண்டாள். ஒரு கண்ணில் மை, கொண்டையில் செருகிய சீப்பு, காலுக்கொரு ஜோடியிலிருந்து வந்த ரெண்டு செருப்பு. அக்காவும் சும்மா வரவில்லை. டாக்டருக்குக் காட்ட அதே மாதிரிப் பட்டன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறியதும் கணவனுக்குப் போன் போட்டாள்.

"நம்ம உருண்டை, பட்டனை முழுங்கிட்டான்ங்க! உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க!"

"எந்த ஆஸ்பத்திரி?" என்று அலறினான் அவன்.

வழி முழுக்க அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். இனிமேல் பட்டனும் வேண்டாம், மையும் வேண்டாம், சாக்கைச் சுற்றிக்கொண்டு இருந்துவிடுகிறேன், இவன் மட்டும் நல்லா இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில், வயிற்றுக்கு நட்டநடுவில், வட்டமாக ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"என் தங்கமே!" அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொன்னேனா இல்லையா!" என்றாள் அக்கா.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், படம் எடுத்த பெண்ணைப் பார்த்தார். "கால்சட்டையைக் கழட்டாமலா எடுத்தே? இது அவனோட கால்சட்டைப் பட்டன்."

கழற்றிவிட்டு மறுபடி எடுத்தார்கள்.

"ஒண்ணுமே இல்லம்மா. தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாம் சுத்தம். வாயோரத்துல வாழைப்பழம்தான் கொஞ்சம் பாக்கி. தைரியமா வீட்டுக்குப் போங்க."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மை வைத்த கண் ஒழுகியது, மை வைக்காத கண்ணும் ஒழுகியது. உருண்டையின் வயிற்றில் முகத்தைப் புதைத்து முத்தமாகக் கொட்டினாள்.

அப்போதுதான் கணவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் போன உயிர் திரும்பியது. கூடவே உபதேசமும் வந்தது.

"குழந்தை வாயில என்ன போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்க வேண்டாமா? வாய்க்குள்ள போறது என்னன்னே தெரியாம இருந்தா எப்படி? என்ன டாக்டர், நான் சொல்றது சரிதானே?"

பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்குச் சண்டை மறந்துபோயிருந்தது.

"அப்படி என்ன பெரிய பட்டன் அது?" என்றான் அவன்.

அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "இதோ, இதே மாதிரிதான் தம்பி. சின்னதா, இரும்புல."

அவன் குனிந்து பார்த்தான். மெல்ல நகர்ந்து டாக்டரம்மாவின் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"டாக்டர், எனக்கும் ஒரு படம் எடுத்துடுங்களேன். காலையில முட்டைப் பொரியல்ல கடக்குன்னு ஒண்ணு பல்லுல பட்டுச்சு. சொன்னா இவ கோவிச்சுக்குவாளேன்னு அப்படியே முழுங்கிட்டேன்."