செலவில்லாத குளிர்காலங்கள்

வின்சென்ஸ் தன் மச்சான் ரோமெட்டைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ரோமெட் தோளில் பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுமந்துகொண்டு, வின்சென்ஸின் பூட்ஸ் பட்டறைக்குள் தலையை மட்டும் நீட்டினார்.

"என்ன மாப்ளே, இன்னிக்கு எந்த இலவசம்?"

"மான் பார்க்கப் போறோம், மச்சான். சாயங்காலம் காட்டிலாகா ஆள் மானுக்கு வைக்கோல் போடுவான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தா காசு கிடையாது."

"மானும் ஒண்ணும் கேக்காதே?"

"நீங்க மேல போய் அந்த ரோப் கார் கொள்ளைக்காரங்களுக்குக் கொட்டி அழுங்க."

ரோமெட் வாய்விட்டுச் சிரித்தார். ரோப் கார் நிலையம் வரைக்கும் அந்தச் சிரிப்பு தெருவில் கேட்டது. அன்று மத்தியானம், மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் விடுதியில் பார்லிக் கஞ்சி குடித்து முடித்து, கரண்டியை ரொட்டியால் துடைத்து வைத்துவிட்டு, வெயிலில் கண்ணை மூடிச் சாய்ந்தார். பிறகு திறக்கவே இல்லை. எழுபதை நெருங்கும் பிரம்மச்சாரிக்கு இதைவிட நல்ல சாவு வாய்க்காது என்று ஸ்டைன்லான் ஊரே சொன்னது. வின்சென்ஸின் மனைவி புர்கி மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன்.

வின்சென்ஸும் அழுதான். நிஜமாகவே அழுதான். ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போதே பனிச்சறுக்குச் சங்கத் தலைவர் வந்து தோளைத் தொட்டார். அதோடு அழுகை நின்றது.

"வழக்கம் உனக்குத் தெரியும், வின்சென்ஸ். அடக்கம் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் தீப்பந்தம் பிடிச்சு மலையிலிருந்து சறுக்கி வருவோம். குடும்பம் முன்னால. நீயும் புர்கியும்தான் முதல் பந்தம்."

"அது எங்க பாக்கியம்" என்றான் வின்சென்ஸ்.

அவனுக்குச் சறுக்கத் தெரியாது.

இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வான்? அவன் பிறந்தது நாணல் ஏரிக்கரையில். அங்கே உயரமான இடம் என்றால் மாதாகோயில் மணிக்கூண்டு ஒன்றுதான். திராட்சை அறுவடைக்கு வந்த புர்கியைக் கண்டு, கட்டிக்கொண்டு, அவள் பின்னாலேயே வந்து சேர்ந்த ஊரிலோ, பால்குடி மறந்த மறுவாரம் பிள்ளையின் காலில் கட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அந்த ஊருக்கே சறுக்குப் பூட்ஸ் பழுது பார்ப்பவன் அவன். "இந்தக் குதிகால் வளைவிலே கொஞ்சம் பிடிக்குது, வின்சென்ஸ்" என்று யாராவது சொன்னால், "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்பான்.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரே ஒரு முறை முயன்றான். விடியற்காலையில், யாரும் எழுவதற்கு முன், வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில். கட்டைகள் அவனைக் கேட்காமல் புறப்பட்டன. தோட்டத்தைத் தாண்டின. வேலி இருந்த இடத்தையும் தாண்டின. கடைசியில் பக்கத்து மாட்டுத் தொழுவத்தின் சாணிக் குவியலில் நெஞ்சளவு போய்ச் செருகி நின்றான். நல்ல வேளை, சாணி உறைந்திருக்கவில்லை. கெட்ட வேளை, சாணி உறைந்திருக்கவில்லை.

"கூரைப் பனி மேல விழுந்துடுச்சு" என்றான் புர்கியிடம்.

"பழுப்புக் கலர்லயா விழுந்துச்சு?" என்று கேட்டாள் அவள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வின்சென்ஸுக்கு ஒரு கொள்கை பிறந்தது. ரோப் கார் பகல் கொள்ளை. பனிச்சறுக்கு பணக்காரன் திமிர். புத்தியுள்ளவனுக்கு இந்த ஊரில் காசில்லாமல் அனுபவிக்க ஆயிரம் இருக்கிறது.

அனுபவிக்கவும் செய்தான், புர்கியையும் இழுத்துக்கொண்டு. மரச் சறுக்கு வண்டியைக் கயிற்றில் கட்டிக் காட்டுப்பாதையில் மூச்சு வாங்க இழுத்துப் போய், மேலிருந்து அதில் உட்கார்ந்து கீழே வருவார்கள். உட்கார்ந்து வந்தால் விழ வழியில்லை. ரொட்டியும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் மூட்டை கட்டிக்கொள்வார்கள். உறைந்த குளத்தில் கைப்பிடி வைத்த கட்டைகளை இலக்கை நோக்கித் தள்ளும் ஆட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் போவான். தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும் என்பதால் ஜெயிக்கிற கட்சியைப் பார்த்துச் சேருவான். சதுக்கத்தில் பேண்டு வாசித்தால் கணப்புச் சட்டிக்குப் பக்கத்து இடம் அவனுடையது. பனிச்சறுக்கு ஆசிரியர்கள் வாரா வாரம் வித்தை காட்டும்போது, பணம் கட்டிய கூட்டத்துக்குப் பின்னால் விறகு அடுக்கின் மேல் ஏறி நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

வீட்டு மாடியில் வாடகைக்குத் தங்கும் வெளியூர்க்காரர்களுக்கும் இதையெல்லாம் உபதேசம் செய்வான். "ரோப் காரா? ஐயோ, அதெல்லாம் ஏமாளிகளுக்கு!"

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ரோப் கார் கம்பெனி ஆள் ஒருவன் வீட்டுக்கு வருவான். புர்கிக்குத் தாய்வழியாக வந்த மேட்டு நிலத்தின் வழியாகத்தான் பெரிய சறுக்குப்பாதை போகிறது. அதற்கு நன்றியாக ஒரு பாட்டில் பேரிக்காய்ச் சாராயம். வின்சென்ஸ் அதைக் குடித்துக்கொண்டே கம்பெனியைத் திட்டுவான்.

"நம்ம நிலத்துல ஊரே சறுக்குது. நமக்கு ஒரு பாட்டில்! இவனுங்க ரோப் கார்ல நான் ஏறவே மாட்டேன்."

"இலவசமா ஏத்தினாக்கூடவா?" என்று ஒருமுறை கேட்டாள் புர்கி.

"இலவசமா ஏத்தினாக்கூட!"

"சரி" என்றாள். புர்கி "சரி" என்றால் அந்த விஷயம் முடிந்தது என்று வின்சென்ஸ் நினைத்துக்கொள்வான். பாவம்.

இப்போது முதல் பந்தம். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு திட்டம் போட்டான். மறுநாள் மாதாகோயில் படியில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, தானே உட்கார்ந்து "ஐயோ" என்றான். நொண்டிக்கொண்டு வீடு வந்தான்.

"ஏங்க, என்னாச்சு?"

"படி வழுக்கிடுச்சு. முழங்கால் போச்சு. பந்தம் பிடிக்க முடியாது போலிருக்கே, புர்கி! உங்க அண்ணனுக்கு இதுகூடச் செய்ய முடியலயே!"

"எந்தக் கால்?"

"வலது."

புர்கி துணி கொண்டுவந்து கட்டினாள். அழுது அழுது அவள் கண் இமை வீங்கியிருந்தது. கட்டுப் போடும் அந்தக் கைகளைப் பார்க்க வின்சென்ஸால் முடியவில்லை. சுவரைப் பார்த்தான்.

திங்கள்கிழமை சவப்பெட்டிக்குப் பின்னால் ஊரே நடந்தது. வின்சென்ஸ் கைத்தடியோடு, முகத்தைச் சுளித்து, காண்பவர் மனம் உருகும்படி நொண்டினான். சங்கத் தலைவரே "சிரமப்படாதேப்பா" என்றார். பாதி வழியில் புர்கி கறுப்பு முக்காட்டுக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள்.

"வலது காலுங்க. நீங்க இடது காலை நொண்டுறீங்க."

காலை மாற்றினான். காதுமடல் சுட்டது. திரும்பி அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

குழியில் மண் போட்டு முடிக்கிற நேரம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து நாலைந்து பேர் பூட்ஸில் பனியோடு இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார்கள். முன்னால் ஒரு பருத்த அம்மாள். மலை விடுதி நடத்தும் அஃப்ரா. கையில் பெரிய மலர்வளையம். அதன் பட்டு நாடாவில் தங்க எழுத்து. வின்சென்ஸ் குனிந்து படித்தான்.

'எங்கள் வின்சென்ஸுக்கு. மலையின் ஈடில்லாத சறுக்கு வீரருக்கு.'

இன்னொரு முறை படித்தான். பெயர் அதேதான்.

அஃப்ரா நேராகப் போய்ப் புர்கியைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ புர்கி! உன் புருஷன் என் பெஞ்சுல உக்காந்தபடியே போயிட்டாரே! செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஜோடியா வருவீங்களே, இனிமே யார் கூட வருவே!"

ஊர் முழுக்க வின்சென்ஸைப் பார்த்தது. வின்சென்ஸ், தான் உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்பவன்போலக் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அஃப்ரா, அது என் அண்ணன்" என்றாள் புர்கி. "இவர்தான் என் புருஷன்."

"அப்போ ரெண்டு வின்சென்ஸா?"

"ஆள் ரெண்டு. ரோப் கார் பாஸ்ல பேர் ஒண்ணு."

அஃப்ராவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவள் கண் வின்சென்ஸின் கட்டுப் போட்ட காலிலிருந்து மேலே ஏறி முகத்தில் நின்றது. அதில் திடீரென்று ஓர் அன்பு பொங்கியது.

"ஓ! நீங்கதானா அவரு! வீட்ல ஒருத்தர் இருக்கார், சறுக்கவே தெரியாது, ஆனா தங்கமான மனுஷன்னு போனவரு சொல்லிக்கிட்டே இருப்பாரே! அந்தச் சாணிக் குவியல்ல போய்ச் செருகினது... நீங்கதானே?"

பாதிரியார் ஜெபப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். சங்கத் தலைவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. கல்லறைத் தோட்டம் என்பதால் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அடக்கச் சாப்பாட்டில் எல்லாரும் அவனிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள்.

"நாற்காலி போடுங்கப்பா, வின்சென்ஸ் காலை நீட்டிக்கட்டும்."

"எந்தக் காலை?" என்றது ஒரு குரல்.

சூப்பைப் பார்த்தபடி இருந்தான். பூட்ஸ் பழுது பார்க்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் நினைவுக்கு வந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, எனக்கும் அப்படித்தான் இருந்தது... எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்!

வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்து எறிந்தான். கோபப்பட முயன்றான்.

"என்ன பாஸ்? ஏது பாஸ்?"

"நிலத்துல பாதை விட்ட வீட்டுக்கு வருஷா வருஷம் ரெண்டு பாஸ் தருவாங்க. புருஷனுக்கொண்ணு, பெண்டாட்டிக்கொண்ணு."

"பாட்டில்னு இல்ல சொன்னே?"

"பாட்டிலும்தான். நீங்க அதை மட்டும்தான் பார்த்தீங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"இலவசமா ஏத்தினாக்கூட வரமாட்டேன்னீங்களே. பாஸை வீணாக்கலாமா? அண்ணன்கிட்டக் குடுத்தேன். ரோப் கார்லயும் மேலே விடுதியிலயும் வேலை பார்க்கிறவங்க எல்லாம் அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆளுங்க, நம்ம ஊர்க்காரங்க கிடையாது. பேரைக் கேட்டா வின்சென்ஸ்னு சொல்லிக்குவாரு."

"செவ்வாய்க்கிழமை?"

"நீங்க குளத்துல கட்டை தள்ளப் போற நேரம்."

வின்சென்ஸ் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"சாணி விஷயம்... எப்படித் தெரியும்?"

"ஜன்னல்ல நின்னு நான்தானே பார்த்துக்கிட்டிருந்தேன். அண்ணன் தொழுவத்துல பால் கறந்துக்கிட்டு இருந்தாரு. ஓடி வந்து தூக்கிவிடறேன்னாரு. வேணாம், நாம பார்த்தது தெரிஞ்சா அவரு ஊரை விட்டே போயிடுவாருன்னு நான்தான் கையைக் காட்டித் தடுத்தேன்."

அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தான். இரண்டு பேர் சேர்ந்து அந்த ஏமாற்றை ஒரு கண்ணாடிப் பாத்திரம்போலத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அதில் ஒருவரிடம் இனி நன்றி சொல்லவும் முடியாது.

"அப்போ அந்தச் சறுக்கு வண்டி, மான், பேண்டு... எல்லாம் எனக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தியா?"

"சறுக்கு வண்டி எனக்குப் பிடிக்கும்" என்றாள் புர்கி. கொஞ்சம் யோசித்தாள். "மான் கொஞ்சம் அதிகம்."

சாயங்காலம் மலையடிவாரத்தில், மாடியில் தங்கியிருந்த பல் டாக்டர் தம்பதியோடு விறகு அடுக்கின் மேல் நின்றான். அவனே சிபாரிசு செய்த இடம். மேலே இருட்டத் தொடங்கிய சரிவில் பந்தங்கள் ஒரு சிவப்புச் சரம்போல இறங்கின.

"இதுல உங்க மனைவி எது?" என்று கேட்டாள் டாக்டரின் மனைவி.

வின்சென்ஸ் கடைசியில் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்த ஒன்றைக் காட்டினான். "அதுதான். பாவம், வயசாச்சு."

எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த பந்தம் வளைந்து வளைந்து பாய்ந்து, விறகு அடுக்கின் முன்னால் பனியை வாரி அவன் முகத்தில் இறைத்து நின்றது.

"அங்க யாரைத் தேடுறீங்க?" என்றாள் புர்கி.

கடைசியில் வந்தது சங்கத் தலைவர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வின்சென்ஸ் குளத்துக்குப் போகவில்லை. சறுக்க முடியாவிட்டாலும் மேலே போய் அந்த இடத்தையாவது பார்க்கவேண்டும் என்றான். புர்கி தன் பாஸைக் காட்டி ஏறினாள். வின்சென்ஸ், ரோமெட்டின் சட்டைப் பையிலிருந்து எடுத்த தன் பாஸை நீட்டினான். அந்தக் காலத்தில் பாஸில் படம் கிடையாது. ரோப் கார் ஆள் பெயரைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"இவரு இறந்துட்டாருங்க. அஃப்ரா சொல்லி அனுப்பினாங்க. பாஸ் ரத்து."

"நான்தான்யா வின்சென்ஸ்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான் அவன்.

பின்னால் வரிசை நின்றது. வின்சென்ஸ் டிக்கெட் ஜன்னலுக்குப் போய், வாழ்க்கையில் முதல் முறையாக, முழுக் கட்டணமும் செலுத்தினான். புர்கி கார் கண்ணாடிக்குள்ளிருந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வெயில் அடித்தது. விடுதிச் சுவரோரம் ரோமெட் சாய்ந்திருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பிறகு வின்சென்ஸ் தன் முதுகில் ஏதோ உறுத்துவதைத் தடவிப் பார்த்துத் திரும்பினான். அடக்கத்துக்கு முன்பே அஃப்ரா தச்சனை வைத்துச் சாய்மானப் பலகையில் ஆழமாகப் பெயர் செதுக்க வைத்திருந்தாள்.

"இதை ரோமெட்னு மாத்தச் சொல்லணும்" என்றான். குரல் உடைந்தது. "இது அவர் இடம்."

புர்கி பார்லிக் கஞ்சியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"விடுங்க. மாத்தினா செலவு."

பெஞ்சில் இன்றைக்கும் வின்சென்ஸ் என்றுதான் இருக்கிறது.