எல்லாரும் வழிவிடும் வேன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரே உறங்கும் நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். நாங்களும் நலம்தான், ஆனால் எங்களைப் பார்ப்பவர்கள் யாரும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வாடகைக்கு எடுத்த இந்தப் படுக்கை வேனில் மலையேறிய முதல் நாளே எனக்கு உறுத்தியது. குறுகலான வளைவுகளில் லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள், ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை, சாலையோரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும் எழுந்து தலைகுனிந்தார்கள். "மலைக்காரங்களுக்கு எவ்வளவு மரியாதை பாரேன்"னு இவர் பதிலுக்குக் கையாட்டுகிறார்! கடலோரத்துக்கு இறங்கினோம், அங்கேயும் அதே மரியாதை. இவருக்கு எங்கே அக்கா இவ்வளவு மரியாதை கிடைச்சிருக்கு, நீயே சொல்லு.

வேனும் சரியில்லை. இருபக்கமும் கறுப்புப் பட்டை, அதன்மேல் புதிதாக வரைந்த சூரியன். மலையையும் கடலையும் பார்க்க வந்தால் பின்பக்க ஜன்னலெல்லாம் பால் கண்ணாடி. கட்டில் தண்டவாளத்தில் ஓடுகிறது. பின்கதவைத் திறந்து இழுத்தால் முழுசாக வெளியே வருகிறது. "என்ன வசதி பாரு, படுத்தபடியே வெளிய வரலாம்!" என்கிறார். படுத்தபடி யார் வெளியே வருவார்கள் என்று யோசிக்க மாட்டாரா? பிறந்த நாளிலிருந்து சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்காத பாப்பா, அந்தக் கட்டிலில் போட்டதும் அசையாமல் தூங்குகிறாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தே என் இரவெல்லாம் கழிகிறது.

இன்று பெட்ரோல் பங்கில் நடந்ததைக் கேள். பெட்ரோல் போட்டவர் தணிந்த குரலில் கேட்டார், "உள்ள எத்தனை பேருங்க?"

"குழந்தையோட சேர்த்து மூணு பேர்," என்றார் இவர் பெருமையாக.

"மூணா! எங்க ஆச்சு?"

"மலையில ஆரம்பிச்சுது. கடல்ல முடிக்கிறோம்."

"குழந்தையுமா?"

"பின்னாடி தூங்குதுங்க. சத்தம் போட்டுடாதீங்க."

அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, காசு வேண்டாமென்றுவிட்டார்.

ஊர் திரும்பியதும் இவர் இந்த வேனையே வாங்கப்போகிறார். அடுத்த வாரம் கையெழுத்து. பாப்பா இதிலேயே வளரணுமாம். அத்தான் வண்டிப் பதிவு அலுவலகத்தில்தானே இருக்கிறார்? இது முன்பு அமரர் ஊர்தியாக ஓடியதா என்று பார்க்கச் சொல். ஆமென்றால் நீயே இவரைக் கூப்பிட்டுத் திட்டு. நான் சொன்னால் சந்தேகப் பிராணி என்பார்.

அத்தானுக்கு வணக்கம். இந்த வேனுக்குள் உட்கார்ந்து உன் பிள்ளைகளை வாழ்த்த மனம் வரவில்லை. கீழே இறங்கி நின்று எழுதுகிறேன்: நீடூழி வாழட்டும்.

உன் தங்கை

பி.கு.: விடிந்தபின் எழுதுகிறேன். ராத்திரியே இவரிடம் உளறித் தொலைத்துவிட்டேன். முகம் வெளுத்து, தலையணையோடு இறங்கிப் போய் மணலில் படுத்துக்கொண்டார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து விடுதியில் அறை எடுத்தேன். அவள் கத்திய கத்தலில் விடுதியே எழுந்துவிட்டது. திரும்ப வேனில் போட்டதும் தூங்கிவிட்டாள். பக்கத்தில் நானும். பாப்பா பிறந்தபின் முதல்முறையாக, விடிந்தது தெரியாமல் தூங்கினேன், அக்கா. அத்தானை எதையும் பார்க்கச் சொல்லாதே. இப்போது இவர்தான் வேன் வேண்டாம் என்கிறார். நல்ல வண்டி, வாங்கு என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். சீக்கிரம் பதில் போடு.